நியூரானுக்கு என்ன பிடிக்கும்?

1958ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கழகத்தின் கண் ஆய்வுக்கூடம். மயக்க மருந்து கொடுத்த பூனை ஒன்று கண் திறந்தபடி கிடக்கிறது. அதன் தலையின் பின்பக்கம், மூளையின் மேற்பரப்புக்குள் முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் மின்முனை இறங்கியிருக்கிறது. மின்முனையின் நுனி நிற்பது ஒரே ஒரு நியூரானுக்குப் பக்கத்தில். அந்த நியூரான் ஒரு தடவை துடித்தால் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு சத்தம். பூனைக்கு எதைக் காட்டினால் அது அதிகமாகத் துடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வேலையில் இருந்தவர்கள் இருவர்: கனடாக்காரரான டேவிட் ஹ்யூபெல், சுவீடன்காரரான டார்ஸ்டென் வீசெல். இருவரும் முப்பதைக் கொஞ்சம் தாண்டியவர்கள். கண்ணுக்குள் நேராக ஒளி பாய்ச்சும் கருவியில் சிறு தகடுகளை மாற்றி மாற்றிச் செருகி, வெளிச்சப் புள்ளியையும் கரும்புள்ளியையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்கில் முயன்றும் அந்த நியூரான் மசியவில்லை. பிறகு, கரும்புள்ளி ஒட்டிய கண்ணாடித் தகட்டைச் செருகும்போது ஒலிபெருக்கி திடீரென்று படபடவெனப் பொரிந்து தள்ளியது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மெல்லத்தான் புரிந்தது. தகட்டைச் செருகும்போது அதன் ஓரத்தின் நிழல் ஒரு மெல்லிய கோடாக விழித்திரையின் மேல் நகர்ந்திருக்கிறது. அந்த நியூரான் காத்திருந்தது அந்தக் கோட்டுக்காக. அதுவும் ஏதாவது ஒரு கோடு இல்லை. குறிப்பிட்ட ஒரு சாய்வில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் வரும் கோடு.

புள்ளிகளையே விடாமல் காட்டியதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் இருந்தது ஸ்டீஃபன் கஃப்லரின் ஆய்வுக்குழுவில். 1953இல் கஃப்லர், பூனையின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்களுக்குப் புள்ளிகள்தான் பிடிக்கும் என்று காட்டியிருந்தார். நடுவில் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு என்றால் சில செல்கள் துள்ளும். நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம் என்றால் வேறு சில. விழித்திரையில் புள்ளி பலித்தது, அதனால் மூளையிலும் பலிக்கும் என்று நினைத்தார்கள். விழித்திரையிடம் கேட்க வேண்டிய கேள்வியை மூளைப் புறணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துறையின் அடுத்த அறுபது ஆண்டுக் கதையும் ஏறக்குறைய இப்படியேதான் போகிறது. இந்த நியூரானுக்கு என்ன பிடிக்கும் என்ற ஒரே கேள்வியை, மூளையில் ஒவ்வொரு படியாக ஏறிப் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. நாம் காட்டியவற்றுள் எது பிடித்தது என்பதை மட்டும்தான் நியூரான் சொல்லும். காட்டாததைப் பற்றி அது வாயே திறக்காது.

*

முதலில், ஓரக்கோட்டில் அப்படி என்ன விசேஷம்?

நம் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ ஏறத்தாழ 10 லட்சம். எல்லாவற்றையும் அனுப்ப இடமில்லை, ஆகவே விழித்திரையே கழித்துக் கட்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கஃப்லர் கண்ட செல்லின் நடுவிலும் சுற்றிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால், ஒன்றை மற்றொன்று ரத்து செய்துவிடும். வெள்ளைச் சுவரின் நடுப்பகுதியைப் பற்றி மூளைக்கு ஏறக்குறைய எந்தத் தகவலும் போவதில்லை. சுவர் முடிந்து கதவு தொடங்கும் இடத்தைப் பற்றித்தான் போகிறது.

ஹ்யூபெலும் வீசெலும் சொன்ன விளக்கம் எளிமையானது. புள்ளிகளை விரும்பும் செல்கள் பல ஒரே வரிசையில் நிற்கின்றன. அவை எல்லாம் புறணியிலுள்ள ஒரே நியூரானுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்த வரிசைமேல் வெளிச்சக் கோடு விழுந்தால் எல்லாம் ஒன்றாகத் துடிக்கும், மேலே இருப்பதும் துடிக்கும். கோடு சாய்ந்தால் ஒன்றிரண்டுதான் துடிக்கும், மேலே இருப்பது பேசாமல் இருந்துவிடும். இப்படிப்பட்டவற்றுக்கு 'எளிய செல்' என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு வகையும் இருந்தது. அதற்கும் சாய்வு முக்கியம், ஆனால் கோடு கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் விடாமல் துடிக்கும். அது 'சிக்கல் செல்'. பெயர்தான் அப்படி, செய்கிற காரியம் பெருந்தன்மையானது. பார்த்த பொருள் இம்மியளவு நகர்ந்தாலும் வேறு பொருளாகிவிடாமல் இருப்பதற்கு முதல் ஏற்பாடு அதுதான்.

மின்முனையைப் புறணிக்குள் செங்குத்தாக இறக்கினால் வழியில் வரும் செல்கள் எல்லாம் ஒரே சாய்வைக் கேட்டன. பக்கவாட்டில் நகர்த்தினால் பிடித்த சாய்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் 180 பாகையையும் சுற்றி முடித்தது. வி1 என்று அழைக்கப்படும் இந்த முதல் காட்சிப் பகுதியில், பார்வைப் புலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாச் சாய்வுகளையும் அளக்கும் செல்கள் தயாராக இருக்கின்றன. இதற்கும் இதைத் தொடர்ந்த வேலைகளுக்கும் 1981இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டுப் பரிசை ரோஜர் ஸ்பெர்ரியும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, 'செங்குத்துக் கோட்டைக் கண்டுபிடிக்கும் செல்' என்று படம் போட்டுவிடுகின்றன. அது அரைகுறைதான். செங்குத்தை விரும்பும் ஒரு செல் வினாடிக்கு 30 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண் முன்னால் மங்கலான செங்குத்துக் கோடு இருக்கலாம்; பளிச்சென்ற சாய்ந்த கோடும் இருக்கலாம். மளிகைக்கடைத் தராசு இரண்டு கிலோ காட்டினால், தட்டில் இருப்பது அரிசியா பருப்பா என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாதே, அந்த நிலைமைதான். பக்கத்துச் செல்கள் என்ன சொல்கின்றன என்று சேர்த்துப் பார்த்தால்தான் சாய்வு தெரியும். ஒற்றை நியூரானுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுவந்தவர்களுக்கு இது கடைசிவரை தலைவலியாகவே இருந்தது.

*

கோடுகள் கிடைத்துவிட்டன. கோடு என்றால் உருவம் ஆகிவிடாது.

பூனையை வைத்தே இன்னொரு கதை உண்டு. 1954இல் ஃப்ரெட் அட்னீவ் என்ற உளவியலாளர், தூங்கும் பூனையின் வெளிக்கோட்டில் மிக அதிகமாக வளையும் 38 புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்தார். வளைவே இல்லாத அந்தக் கட்டைப் படத்தைப் பார்த்த எவருக்கும் பூனை பூனையாகவே தெரிந்தது. ஓர் ஓரம் நேராக ஓடும்வரை அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிடலாம். திரும்பும் இடத்தில்தான் புதுச் செய்தி இருக்கிறது. வெளிக்கோட்டின் நேரான பகுதிகளைத் தொலைத்தாலும் உருவம் பிழைத்துக்கொள்ளும், மூலைகளைத் தொலைத்தால் பிழைக்காது.

மூலைக்குப் போகும் முன்னால் மூளை இன்னொரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்த ஓரம் யாருக்குச் சொந்தம்?

மேசைமேல் ஒரு புத்தகம், அதன்மேல் பாதி மறைக்கும்படி ஒரு டம்ளர் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் கோடு டம்ளரின் கோடு. புத்தகத்துக்கு அந்த இடத்தில் ஓரம் கிடையாது; அது டம்ளருக்குப் பின்னால் தொடர்ந்து ஓடுகிறது. விழித்திரைக்கோ வி1-இன் எளிய செல்லுக்கோ இது தெரிய வழியில்லை. அவற்றுக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டைத் தவறான ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், கடி வாங்கிய புத்தகம் ஒன்றைத்தான் பார்க்க நேரிடும்.

வி1-ஐ ஒட்டியுள்ள வி2 பகுதியில் இந்த வழக்குக்கு விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரூடிகர் ஃபான் டெர் ஹைட். 1984இல், அப்போது சூரிக்கில் இருந்த அவரும் உடன் பணியாற்றியவர்களும், இல்லாத கோட்டுக்குத் துடிக்கும் நியூரான்களைக் குரங்கின் வி2-வில் கண்டார்கள். இத்தாலிய உளவியலாளர் கனீட்சாவின் முக்கோணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: மூன்று கரிய வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கும், நடுவில் வெள்ளை முக்கோணம் ஒன்று மிதப்பதாகத் தோன்றும். அதன் பக்கங்களில் மையே இல்லை. அதுபோன்ற கோடுகள் வரும் இடத்தில், மை இருப்பதைப் போலவே இந்த நியூரான்கள் துடித்தன. முன்னால் ஏதோ ஒன்று மறைக்கிறது என்பதற்கான தடயங்களை வைத்து, ஓரம் இங்கேதான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டும் செல்கள் அவை.

2000இல், இம்முறை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தபடி, ஹாங் சோ, ஹோவர்டு ஃப்ரீட்மன் இருவரோடும் சேர்ந்து அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு நியூரான் பார்க்கும் சிறு சாளரத்துக்குள் ஓர் ஓரம்: இடப்பக்கம் சாம்பல், வலப்பக்கம் வெள்ளை. ஒரு தடவை அது இடப்பக்கம் இருக்கும் சாம்பல் நிறச் சதுரத்தின் ஓரம். இன்னொரு தடவை வலப்பக்கம் இருக்கும் வெள்ளைச் சதுரத்தின் ஓரம். சாளரத்துக்குள் தெரியும் காட்சியில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனால் வி2 செல்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் துடித்தன. சதுரம் எந்தப் பக்கம் என்ற சேதி சாளரத்துக்கு வெளியிலிருந்து அவற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாகக் கோடு, மூலை, உருவம் என்று கட்டி எழுப்பும் எளிய கதை இதோடு ஆட்டம் கண்டுவிடுகிறது. ஓரம் எது என்று தெரிந்தால்தான் உருவம் தெரியும். உருவம் எது என்று தெரிந்தால்தான் ஓரம் யாருடையது என்று தெரியும். மூளை இரண்டையும் ஒரே நேரத்தில், ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்திக்கொண்டே போகிறது.

*

பால்டிமோருக்கும் இந்த வேலைக்கும் ஏதோ ராசி. மூலைகளின் கதையும் அங்கேதான் நடந்தது. 1990களின் இறுதியில் அனிதா பசுபதியும் சார்ல்ஸ் கானரும், வி2-வைத் தாண்டி, குரங்கின் வி4 பகுதியில் மின்முனை வைத்தார்கள். கண்ணாடித் தகட்டைப் போல் அதிர்ஷ்டம் வந்து உதவும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குவிந்த முனை, அகன்ற வளைவு, உள்வாங்கிய குழிவு ஆகியவற்றை எல்லாத் திசைகளிலும் வைத்து முறையாகச் சேர்த்து 366 உருவங்களைத் தயாரித்துக்கொண்டார்கள். 2001இல் வெளியான முடிவு இது: வி4-இன் ஒரு செல்லுக்கு வேண்டியது ஒரு முழு உருவமும் இல்லை, வெறும் கோடும் இல்லை. உருவத்தின் மையத்திலிருந்து பார்க்கும்போது, குறிப்பிட்ட ஒரு திசையில் குறிப்பிட்ட அளவு வளைவு வேண்டும். 'மேல் வலப்பக்கம் கூர் முனை' என்பது ஒரு செல்லின் கோரிக்கை. 'கீழே உள்வாங்கிய குழிவு' என்பது இன்னொன்றின் கோரிக்கை. அது நிறைவேறினால் உருவத்தின் மற்றப் பகுதி எப்படி இருந்தாலும் அந்தச் செல் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

இதை நம் எழுத்துகளில் வைத்துப் பார்க்கலாம். 'ட' என்பது கீழ் இடது மூலை ஒன்று, அவ்வளவுதான். 'ப'வுக்கும் அதே மூலை உண்டு, கூடவே கீழ் வலது மூலையும் உண்டு. 'ம'வில் கீழ் இடது மூலை அப்படியே இருக்க, வலப்பக்கக் கோடு மேலேறி உள்பக்கம் வளைகிறது. 'கீழ் இடப்பக்கம் கூர் மூலை' கேட்கும் ஒரு செல்லின் முன்னால் இந்த மூன்றையும் மாறி மாறிக் காட்டினால், மூன்றுக்கும் அது துடிக்க வேண்டும். அதை மட்டும் கேட்டு எழுத்தைச் சொல்ல முடியாது. கீழ் வலது மூலைக்காரச் செல் சும்மா இருந்தால் 'ட'. அதுவும் துடித்து, மேல் வலப்பக்க வளைவுக்காரச் செல் சும்மா இருந்தால் 'ப'. வளைவுக்காரரும் எழுந்தால் 'ம'. துடிக்காமல் இருப்பதும் இங்கே ஒரு தகவல். இது கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் போட்ட உதாரணம்தான். குரங்குக்கு யாரும் தமிழ் எழுத்து காட்டவில்லை. ஆனால் 2002இல் பசுபதியும் கானரும் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். நூற்றுச் சொச்சம் வி4 செல்களின் துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, குரங்கின் முன்னால் எந்த உருவம் இருந்திருக்கும் என்று திரும்ப வரைந்தார்கள். வெளிக்கோடு பெருமளவு பொருந்தி வந்தது.

*

வி4-ஐத் தாண்டிப் பொட்டுப் பக்கமாகக் கீழே வந்தால் கீழ்ப்பொட்டுப் புறணி. உருவத்துக்கான பாதையில் இதுதான் மேல் படி. கேள்வி கேட்பதே இங்கே பெரும்பாடு.

சார்ல்ஸ் கிராஸ் குழு 1960களின் கடைசியில் இங்கே ஒரு நியூரானிடம் திரையில் கோடு, வட்டம், பட்டை எல்லாம் காட்டிச் சோர்ந்துபோனது. ஒருவர் திரைக்கு முன்னால் கையை ஆட்டினார். உடனே அந்த நியூரான் குதித்துக் கிளம்பியது. அடுத்த 12 மணி நேரம் காகிதத்தைக் கத்தரித்துக் கத்தரித்து விதவிதமான உருவங்களைக் காட்டினார்கள். எது அதிகம் துடிக்க வைத்தது, எது குறைவு என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது நீளம், பரப்பு, கோணம் என்று எந்த அளவும் அந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை. குரங்கின் கை நிழலுக்கு எது நெருக்கமாகத் தோன்றுகிறதோ, அதுதான் முன்னால் நின்றது. அதே குழு பிறகு முகங்களுக்குத் துடிக்கும் செல்களையும் கண்டது. ஆனால் துறையிலிருந்த பலர் இதை ரொம்ப நாள் நம்பவில்லை. பாட்டி முகத்துக்கு என்று தனியாக ஒரு நியூரான் இருக்குமா என்று ஜெரோம் லெட்வின் வகுப்பறையில் அடித்த கிண்டல், 'பாட்டி செல்' என்ற பெயரில் அந்த நாட்களில் உலவிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் கெய்ஜி தனாகா வேறு வழி பிடித்தார். முதலில் பொம்மைகள், பழங்கள், விலங்கு உருவங்கள் என்று ஒரு குவியலைக் காட்டி, நியூரானுக்கு எது மிகவும் பிடிக்கிறது என்று பார்ப்பார். பிறகு அந்தப் படத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருவார். துடிப்பு குறையாதவரை நீக்கலாம். மேலிருந்து பார்த்த புலித் தலைக்குத் துடித்த ஒரு செல்லுக்கு, கடைசியில் மிஞ்சியது ஒரு வெள்ளைச் சதுரமும் அதன்மேல் இரண்டு கரிய பட்டைகளும்தான். அந்தச் செல்லுக்குப் புலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாட்டிக்கென்று ஒரு செல் வேண்டாம், உருவத்தின் நடுத்தர அளவுத் துண்டுகளுக்கு என்று செல்கள் இருந்தால் போதும் என்ற எண்ணம் 1990களில் இதனால்தான் வலுப்பெற்றது.

முகங்கள் மட்டும் இந்தத் துண்டுக் கணக்குக்குள் அடங்க மறுத்தன. மனித மூளையில் முகத்துக்கு என்றே சூடேறும் ஓர் இடத்தை 1997இல் நான்சி கான்விஷர் ஸ்கேன் வழியாகக் காட்டினார். 2006இல் டோரிஸ் சாவ் குழு, குரங்கு மூளையில் ஸ்கேன் காட்டிய அத்தகைய இடம் ஒன்றில் மின்முனையை இறக்கிப் பார்த்தது. அங்கிருந்த செல்களில் 97 விழுக்காடு முகங்களுக்குத்தான் துடித்தன. அப்படியானால் ஒவ்வொரு செல்லும் ஒரு முகத்தின் சொந்தக்காரரா? 2017இல் லே சாங்கும் சாவும் இதற்குப் பதில் சொன்னார்கள். முகத்தின் வடிவத்துக்கு 25 அளவுகள், நிறம், சாயல் போன்றவற்றுக்கு 25 என மொத்தம் 50 அளவுகளால் எந்த முகத்தையும் குறிக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செல்லும் அந்த 50 அளவுகளும் சேர்ந்த வெளியில் ஒரு திசையில் மட்டும் முகத்தை அளக்கிறது என்று தெரியவந்தது. அந்தத் திசையில் ஒரே மதிப்பு வரும்படி, நமக்குத் துளியும் ஒற்றுமை தெரியாத பல முகங்களைச் செய்து காட்டினார்கள். செல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு துடித்தது. திரும்பவும் அதே தராசு. 200 சொச்சம் தராசுகளின் முள்ளைச் சேர்த்துப் படித்தபோது மட்டும், குரங்கு பார்த்த முகத்தை அசலிலிருந்து வேறுபடுத்த முடியாத அளவுக்கு மீட்டு வரைய முடிந்தது.

அப்படியானால் 2005இல் செய்தித்தாள்களில் வந்த 'ஜெனிஃபர் ஆனிஸ்டன் நியூரான்' என்ன ஆயிற்று? வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் ரோட்ரிகோ கியான் கிரோகா குழு கண்டது அது. அந்த நடிகை தனியாக இருக்கும் படம் எதைக் காட்டினாலும் ஒரு செல் துடித்தது. நடிகை ஹாலி பெரிக்குத் துடித்த இன்னொரு செல், அவர் பெயரை எழுத்தில் காட்டினாலும் துடித்தது. பெயருக்கும் முகத்துக்கும் உருவ ஒற்றுமை ஏது? அந்தச் செல்கள் இருப்பது நினைவுக்கான பகுதிகளில். உருவத்தைக் கண்டுகொள்ளும் வேலை முடிந்த பிறகு, 'அது யார்' என்ற பதிவேட்டில் நடக்கும் காரியம் அது.

காட்டியதைத்தான் சொல்லும் என்ற பழைய சங்கடத்துக்கு 2019இல் ஒரு சாமர்த்தியமான மாற்று வந்தது. ஹார்வர்டில் கார்லோஸ் போன்சே, மார்கரெட் லிவிங்ஸ்டன் குழுவினர் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நியூரானிடமே விட்டுவிட்டார்கள். ஒரு கணினி வலையமைப்பு அர்த்தமற்ற படங்களை உண்டாக்கும்; நியூரான் அதிகம் துடித்தவற்றை வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்து அடுத்த தலைமுறைப் படங்களைச் செய்யும்; மீண்டும் காட்டும். தலைமுறை செல்லச் செல்ல, நியூரான் தனக்குப் பிடித்ததைத் தானே வரைந்துகொண்டது போல் ஆயிற்று. வந்த படங்கள் விநோதமானவை: கண் போல ஏதோ ஒன்று, உருகிய முகம் போன்ற ஒன்று, பெயர் வைக்க முடியாத வளைவுகள். சோதித்த இயற்கைப் படங்களைக் காட்டிலும் அவற்றுக்கு அந்த நியூரான்கள் அதிகம் துடித்தன. கை, புலி, பாட்டி என்று நாம் வைத்திருந்த பெயர்கள் நம்முடைய அகராதியிலிருந்து வந்தவை. நியூரானின் அகராதியில் அவை இல்லை.

*

உருவம் மட்டும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆய்வேடுகளில் டி.எஃப். என்று குறிப்பிடப்படும் பெண்மணிக்கு 1988இல், 34 வயதில், கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்டது. நிறம் தெரியும். மரமா உலோகமா என்று பரப்பைப் பார்த்துச் சொல்வார். ஆனால் கண் முன்னால் நீட்டிய பென்சில் நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. டேவிட் மில்னரும் மெல் குடேலும் அவர்முன் தபால் பெட்டி போல ஒரு பிளவை வைத்துத் திருப்பித் திருப்பி நிறுத்தினார்கள். பிளவின் சாய்வு எவ்வளவு என்று கையிலுள்ள அட்டையைச் சாய்த்துக் காட்டச் சொன்னால் கண்டபடி காட்டினார். அட்டையைப் பிளவுக்குள் போடச் சொன்னாலோ, போகும் வழியிலேயே கை சரியான சாய்வுக்குத் திரும்பிச் சட்டென்று உள்ளே போட்டது. பிறகு எடுத்த ஸ்கேனில், உருவத்துக்கான பாதையில் இருபுறமும் சேதம் தெரிந்தது. மேல்புறமாகச் செல்லும், கைகால்களை இயக்குவதற்கான பாதை பெரும்பாலும் பிழைத்திருந்தது. உருவத்தைச் சொல்வதும் உருவத்துக்கு ஏற்றபடி கையை நீட்டுவதும் வெவ்வேறு நியூரான்களின் வேலை.

எந்திரங்களின் பக்கம் கதை வேறு மாதிரித் திரும்புகிறது. 1980இல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா, ஹ்யூபெல், வீசெலின் எளிய செல்லையும் சிக்கல் செல்லையும் அப்படியே படியெடுத்து, அடுக்கடுக்காக ஒரு கணினி அமைப்பைக் கட்டினார். இன்றைய படமறியும் செயற்கை நுண்ணறிவுக்கு அதுவே முன்னோடி. 2012இல் அலெக்ஸ்நெட் என்ற அமைப்பு 12 லட்சம் புகைப்படங்களில் பயிற்சி பெற்றுப் போட்டியில் எல்லோரையும் முந்தியபோது, மூளையின் சூத்திரம் கிடைத்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். ராபர்ட் கைர்ஹோஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு பூனைப் படத்தை எடுத்து, அதன் வெளிக்கோட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே யானைத் தோலை நிரப்பினார்கள். மனிதர்கள் பூனை என்றார்கள். எந்திரம் யானை என்றது. வெளிக்கோட்டைப் பார்க்காமலே, தோலின் சுருக்கத்தை வைத்தே அது இத்தனை காலம் தேர்வில் தேறிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தத் தேர்வில் பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள்? ஹ்யூபெலும் வீசெலும் 1960களில் செய்த இன்னொரு சோதனை இதற்கு இருண்ட பதில் தந்தது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் சில மாதங்கள் மூடி வைத்தால், பின்னால் திறந்தும் பயனில்லை. புறணி அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடுகிறது. குழந்தைகளின் பிறவிக் கண்புரையைச் சீக்கிரமே அகற்ற வேண்டும் என்ற மருத்துவ வழக்கம் உறுதிப்பட இது பெரிதும் உதவியது. வயது கடந்துவிட்டால் அறுவை செய்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற எண்ணமும் கூடவே வேரூன்றியது.

எம்.ஐ.டி. பேராசிரியரான பவன் சின்ஹா இந்த எண்ணத்தை இந்தியாவில் சோதித்தார். பிறவிக் கண்புரையோடு பல ஆண்டுகள் வாழ்ந்த சிறுவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, பிறகு அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராயும் பிரகாஷ் திட்டம் அவருடையது. பார்வை வந்த உடனே, கையால் தடவி அறிந்த கட்டை எது என்று கண்ணால் பார்த்து அடையாளம் காட்ட அவர்களால் முடியவில்லை. 1688இல் வில்லியம் மாலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கடிதத்தில், இது முடியுமா என்று கேட்ட கேள்விக்கு 2011இல் இப்படிப் பதில் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள்ளாகவே அது கூடிவரத் தொடங்கியது என்பது யாரும் எதிர்பாராதது.

உருவத்தைப் பொறுத்தவரை அவர்கள் தடுமாறியது ஓரம் யாருக்குச் சொந்தம் என்ற அந்த வழக்கில்தான். வட்டமும் சதுரமும் ஒன்றை ஒன்று வெட்டும்படி வரைந்து காட்டினால், கோடுகளுக்கு நடுவே கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் தனிப் பொருள் என்றார்கள். புகைப்படத்தில் நிறம் மாறும் இடமும் நிழல் விழும் இடமும் அவர்களுக்குப் பொருளின் எல்லைகளாகவே தெரிந்தன. அதே வட்டத்தையும் சதுரத்தையும் திரையில் நகர விட்டதும் நிலைமை மாறியது. ஒன்றாக நகரும் கோடுகள் எல்லாம் ஒரே பொருளுடையவை என்று உடனே பிரித்துவிட்டார்கள். பல மாதங்கள் நகரும் உலகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு, நகராத படங்களிலும் அது கைவந்தது. அலெக்ஸ்நெட்டுக்குக் காட்டிய 12 லட்சம் படங்களில் ஒன்றுகூட நகரவில்லை.